சீனடியும் தென்னை மரத்தின் பயன்களும்

விடுதியில் என்னோடு ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்த தோழிகளே, நம்மில் யாருக்கும் இன்னும் முப்பது வயது ஆகவில்லை. பழைய நினைவு எழுத இது போதாத வயது என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பேனா பிடித்ததில்லை. நான் சொல்லப்போகும் காலத்தில் அய்யா கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. அவர்களைப் பெற்றவர்களுக்குக் கைநாட்டு வைக்கக்கூட ஒரு காகிதம் தேடி வந்ததில்லை. நான் கிழவியான பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எங்கள் வீட்டுக் கதைகளில் பாதி காணாமல் போய்விடும். ஆகையால் இப்போதே கிழவியாகிவிடுகிறேன். நீங்களும் துணைக்குக் கிழவிகளாகிக் கொள்ளுங்கள்.

கதை இதுதான்: சீனாக்காரர்களுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? சிரிக்காதீர்கள். என் ஆறாம் வகுப்பு அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கோடையில் நான் ஐந்தாவது முடித்திருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. ஆறாவதுக்கு ராமநாதபுரம் போய் விடுதியில் தங்க வேண்டும். "அஞ்சு வரைக்கும் படிச்சதுக்கே இவ வாய் தாங்கலை" என்பது அம்மாவின் கட்சி. அய்யா எந்தக் கட்சியிலும் இல்லை. கேட்டால் கடலைப் பார்ப்பார். "பாப்பம் தாயி" என்பார். கடலில் என்ன எழுதியிருக்கிறது என்று நானும் பார்ப்பேன்.

அய்யா துறைமுகத்தில் தோணிகளுக்கு மூட்டை ஏற்றி இறக்குபவர்களின் தலையாள். பகலெல்லாம் மூட்டை தூக்கிய தோளை வைத்துக்கொண்டு சாயங்காலம் உப்புக் கிடங்குக்குப் பின்னால் கம்பு சுற்றுவார். கம்பு இல்லாமல் வெறும் கையும் காலும் கொண்டு ஆடுவதும் உண்டு. அதற்கு எங்கள் பக்கத்தில் சீனடி என்று பெயர். யார் வைத்த பெயர், ஏன் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சோற்றுக்குச் சோறு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று கேட்கிறோமா?

தர்காவில் வருடா வருடம் சந்தனக்கூடு நடக்கும். சந்தனக் கிண்ணத்தைச் சுமந்து வரும் கூட்டுக்கு முன்னால் அய்யாவின் செட்டுதான் ஆடிக்கொண்டு போகும். ஊர்வலம் தர்கா வாசலைத் தொட்டதும், முன்னால் ஆடி வந்த தலைவரின் மார்பில் கிண்ணத்துச் சந்தனத்தில் முதல் பிடியை எடுத்துப் பூசுவார்கள். அது எங்கள் ஊர் வழக்கம். அய்யா அதன் பிறகு மூன்று நாள் மார்பில் தண்ணீர் படாமல் குளிப்பார். கழுத்து வரைக்கும் ஒரு குளியல், இடுப்புக்குக் கீழே ஒரு குளியல். "நடுவுல ஒரு ஊரு விட்டுப்போச்சு" என்று அம்மா கிணற்றடியிலிருந்து சத்தம் போடுவாள்.

அந்த வருடம் எங்கள் எதிர்வீட்டுப் பினாங்கு மாமா ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். அவரும் அய்யாவும் சிறு வயதில் ஒரே மணலில் புரண்டவர்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். பினாங்கிலிருந்து அவர் கொண்டு வந்தவை: மணிக்கொரு தடவை அடிக்காமல் தனக்குத் தோன்றியபோது அடிக்கும் ஒரு சுவர்க் கடிகாரம், தலைவலி முதல் தேள்கடி வரைக்கும் தடவும் ஒரு பச்சைத் தைலம், முழங்காலுக்குக் கீழே காற்றடைத்தது போல் நிற்கும் ஒரு கறுப்புக் கால்சட்டை. இவற்றோடு ஒரு கலை.

முதல் நாள் சாயங்காலம் அவர் உப்புக் கிடங்குக்குப் பின்னால் வந்து நின்று, அய்யாவின் ஆட்டத்தைக் கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மச்சான், கோவிச்சுக்காதே. இது சீனடி இல்ல. கும்மியடி."

மூட்டை தூக்குபவர்கள் பன்னிரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பினாங்குல எங்க கடைக்குப் பக்கத்துல ஒரு சீனத் தச்சன் இருந்தான். எட்டு வருசம் அவன்கிட்டக் கத்துக்கிட்டேன். வல்லாஹி, அல்லா மேல ஆணை, இந்த ரெண்டு கையால. அசல் சீனடி எங்கிட்ட இருக்கு. நீ ஆடுறது யாரோ பாத்ததை யாரோ சொல்லக் கேட்டு யாரோ ஆடினது."

"எட்டு வருசம் தச்சன்கிட்டக் கத்துக்கிட்டு ஒரு ஸ்டூல்கூடச் செய்யத் தெரியாம வந்திருக்கியே மச்சான்" என்றார் அய்யா.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பினாங்கு மாமா ஐந்தாறு இளவட்டங்களைச் சேர்த்து ஒரு செட்டு கட்டினார். எல்லாருக்கும் காற்றடைத்த கறுப்புக் கால்சட்டை தைத்தார். நேராகத் தர்காப் பெரியவரிடம் போய், இந்த வருடம் கூட்டுக்கு முன்னால் அசல் போகட்டும், நகல் பின்னால் வரட்டும் என்று கேட்டுவிட்டார். பெரியவருக்குப் பந்தல்காரர்களோடு பெரிய தகராறு நடந்துகொண்டிருந்த நேரம். "எது அசலோ அது முன்னால போகட்டும். எது அசல்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்.

பிறகு டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

"சீனாவுல மலை மேல மடம் இருக்கு" என்பார் பினாங்கு மாமா. "மொட்டை போட்ட சாமியாருங்க. கொக்கு எப்பிடி நிக்குது, எப்பிடிக் கொத்துதுன்னு பாத்துப் பாத்து அடி உண்டாக்கினாங்க."

"ஏன், கொக்கு இங்கன இல்லையா? உத்தரகோசமங்கைக் கம்மாயில வந்து பாரு. நிக்கிற கொக்கை எண்ண முடியாது. அங்கன நின்னு ஒருத்தன் பாத்திருக்க மாட்டானா?"

"பாத்திருந்தா கொக்கடின்னுல்ல பேரு வச்சிருப்பான்? ஏன் சீனடின்னு வச்சான்?"

அய்யா டீயைக் கீழே வைத்தார். "சீனனை அடிச்ச அடி. அதனால சீனடி."

டீக்கடை கூரை பறந்தது. பினாங்கு மாமாவும் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக அவர் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

என்னுடைய சில்லும் இந்த வழக்கில் சாட்சியானது. எங்கள் கடற்கரை மணலில் மழைக்குப் பிறகு பீங்கான் துண்டுகள் கிடக்கும். வெள்ளை உடம்பில் நீலக் கொடி ஓடியிருக்கும். நாங்கள் பெண் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி வந்து பாண்டி ஆடுவோம். என் துண்டில் அரைப் பூ ஒன்று இருந்தது. விளிம்பு தேய்ந்து கைக்கு வழுக்கும். எறிந்தால் கட்டத்துக்குள் பசை வைத்தது போல் நிற்கும். நான் பாண்டி ஆடிக்கொண்டிருந்தபோது பினாங்கு மாமா அதைப் பிடுங்கி அய்யாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது சீனத்துத் தட்டு. அந்தக் காலத்துலயே அவன் இங்கன வந்திருக்கான். வந்தவன் அடியையும் கொண்டு வந்திருப்பான்ல?"

அய்யா துண்டைத் திருப்பிப் பார்த்தார். "வந்தான், சரி. வெறுங்கையோடயா கத்துக்க வருவான்? குருவுக்குத் தட்டு கொண்டு வந்திருக்கான்."

என் சில்லு ஒரே சமயத்தில் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லிவிட்டு என் கைக்குத் திரும்பியது.

கடைசியில் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஒரு நிஜச் சீனரைக் கேட்டுவிடுவது.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை சந்தைக்கு மதுரையிலிருந்து ஒரு சீனப் பல் டாக்டர் வருவார். டீக்கடையை ஒட்டிய அறையில் சாய்வு நாற்காலி போட்டு உட்காருவார். அறைக்குள் எட்டிப் பார்த்தாலே கிராம்பு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறும். காலால் மிதித்து ஓட்டும் ஒரு கருவி உண்டு. அது ஓடும் சத்தத்தில் வெளியே காத்திருப்பவர்களில் இரண்டு பேருக்கு வலி தானாகவே குணமாகிவிடும். வாசலில் ஒரு பலகை. அதில் சிவப்பு ஈறோடு ஒரு பல் வரிசை, அதன் கீழே தமிழில் 'வலியில்லாமல் பல் எடுக்கப்படும்'. 'வலி'க்கு முதலில் 'வழி' என்று போட்டிருந்த எழுத்துக்காரரைத் திட்டி, அதை டாக்டரே அழித்து எழுதினார் என்று டீக்கடையில் சொல்வார்கள். அந்த அளவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்.

அய்யாவும் மாமாவும் உள்ளே போனபோது நாற்காலியில் ஒரு வெங்காய வியாபாரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். பின்னால் இரண்டு செட்டு ஆட்களும், அவர்களுக்குப் பின்னால் பாதிச் சந்தையும் நின்றது. நான் அய்யாவின் முழங்கைக்குக் கீழே நின்றேன்.

"வாங்கண்ணே" என்றார் டாக்டர். "பல்லா, ஈறா?"

அவர் தமிழ் அப்படியே மதுரைத் தமிழ். கூட்டத்துக்கு அதுவே ஓர் ஏமாற்றம்.

விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

"அண்ணே, நான் பொறந்ததே கல்கத்தாவுல. சீனாவைக் காலண்டர்லதான் பாத்திருக்கேன். எங்கப்பா பல்லு, எங்க தாத்தா பல்லு. அடிதடி எங்களுக்கு ஆகாது."

"ரத்தத்துல இருக்கும்ல" என்றார் பினாங்கு மாமா.

"பாத்து மட்டும் சொல்லுங்க போதும்" என்றார் அய்யா.

சந்தை நடுவில் இடம் ஒதுக்கினார்கள். முதலில் பினாங்கு மாமா. ஒரு காலில் கொக்கு மாதிரி நின்று, கை விரல்களை அலகாகக் குவித்து, திடீரென்று பாய்ந்து காற்றைக் கொத்தினார். கறுப்புக் கால்சட்டை காற்றை வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. அடுத்து அய்யா. தரையைத் தொட்டு வணங்கி, நாலு திசைக்கும் கை கொடுத்து, சுழன்று சுழன்று ஆடி, கடைசி உதையில் நாற்காலிக்காரரின் வெங்காயக் கூடையைக் கவிழ்த்தார். அவர் பஞ்சு அடைத்த வாயோடு ஓடி வந்து என்னவோ திட்டினார். ஒரு வார்த்தையும் புரியாததால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

"ரெண்டுமே நல்லாருக்குண்ணே" என்றார் டாக்டர். "ஆனா வாயை இறுக்கி மூடிக்கிட்டு ஆடுங்க. நாக்கைக் கடிச்சுக்கிட்டா நான் அடுத்த சந்தைக்குத்தான் வருவேன்."

"தீர்ப்பு இல்லையா?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"அப்ப நீங்க ஒண்ணு ஆடிக் காட்டுங்க. அதை வச்சு நாங்களே பாத்துக்கிறோம்" என்று அய்யா கைகூப்பிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார். அய்யா நெஞ்சை நிமிர்த்தி ஓர் அடி வைத்தால் எதிரில் இருப்பவருக்கு அது கும்பிடாகத் தெரியாது. டாக்டர் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கினார். உடம்பைப் பின்னால் வளைத்தார். ஒரு காலால் பின்பக்கம் ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று துழாவினார்.

சந்தை ஓர் அடி நெருங்கி வந்தது.

"பாத்தியா மச்சான்" என்றார் அய்யா மெல்லிய குரலில். "ரெண்டு உள்ளங்கையும் வெளிய. மாரு பின்னால. காலு தரையைத் தேடுது. இதை உன் தச்சன் காட்டினானா?"

"இல்லை மச்சான்" என்றார் பினாங்கு மாமாவும் அதே குரலில். "இது பெரிய பிடி. லேசுல வெளிய காட்ட மாட்டாங்க."

அன்று சாயங்காலம் உப்புக் கிடங்குக்குப் பின்னால் ஒரு பக்கம் பன்னிரண்டு பேரும், மீன் காயும் திடலில் ஐந்தாறு பேரும் உள்ளங்கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வளைந்து, இல்லாத ஸ்டூலைக் காலால் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய பிடி கிடைத்தது, தீர்ப்பு கிடைக்கவில்லை. டீக்கடையில் பினாங்கு மாமா கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"வாயால ஆயிரம் சொல்லலாம் மச்சான். எழுத்துல இருக்கா?"

"இருக்கு" என்றார் அய்யா. "எம்மவ அஞ்சு வருசம் படிச்சிருக்கா. அவ புத்தகத்துல இல்லாதது உலகத்துல இல்லை. அடுத்த சந்தையில எல்லாரு முன்னாலயும் படிச்சுக் காட்டுவா."

தோழிகளே, அய்யா மேல் குற்றம் இல்லை. 'புத்தகத்தில் இல்லாதது உலகத்தில் இல்லை' என்று ஐந்து வருடமாக வீட்டில் சொல்லி வந்தது நான்தான். குழம்பில் உப்புக் கூடினால்கூட, உப்பு எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி அம்மாவை ஆத்திரப்படுத்துவேன். உப்பு மூட்டை தூக்குபவரின் வீட்டில்!

இரவுச் சாப்பாட்டின்போது அய்யா கேட்டார்: "இருக்குல்ல தாயி?"

"இருக்குய்யா" என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை.

"இருந்தாச் சரி. நம்ம அடி எங்கேர்ந்து போச்சுங்கிறதைக்கூடச் சொல்லாத படிப்புன்னா ஆறாவது எதுக்குன்னு உங்கம்மா கேட்டா, என்கிட்டப் பதில் இல்லை." அவர் அப்போது கடலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

என்னிடம் மூன்று புத்தகங்கள். மூன்றையும் அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படித்தேன். சீனாவைப் பற்றி ஒரே வரி: 'சீனா ஒரு பெரிய நாடு, அங்கே நெல்லும் தேயிலையும் விளைகின்றன.' அடி விளைவதாக இல்லை. டீச்சரைக் கேட்கலாம் என்றால், பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு அவர் நயினார்கோவிலுக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். காய்ச்சல் வருவதற்காக ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று பார்த்தேன். கறுத்ததுதான் மிச்சம்.

சந்தை நாள் வந்தது. டாக்டர் அறை வாசலில் மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து என்னை அதன் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். பழுப்புத் தாள் அட்டை போட்ட தமிழ்ப் புத்தகத்தை விரித்தேன். அது தானாகத் திறந்துகொண்ட பாடம் 'தென்னை மரத்தின் பயன்கள்'. பக்கத்தில் பாதி அளவுக்குத் தென்னை மரப் படம். அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிக்கும் குரலில் ஆரம்பித்தேன்:

"முன்னொரு காலத்தில் நம் கடற்கரையிலிருந்து ஒரு துறவி ஏழு தோணிகளில் சீன தேசம் சென்றார். அவர் தம்முடன் கம்பும் கருவாடும் எடுத்துச் சென்றார்."

கருவாடு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எனக்கு எதிரே கருவாட்டுக் கடை. கண்ணும் மூக்கும் கொடுத்ததை வாய் சொல்லிவிட்டது.

"சாமியாரு கருவாடு திம்பாரா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

நான் புத்தகத்தை உற்றுப் பார்த்தேன். "அக்கருவாடு வழியில் விற்பதற்காக" என்று படித்தேன்.

"வியாபாரம் தெரிஞ்ச சாமி" என்றார் கருவாட்டுக்காரர் திருப்தியோடு.

"சீன தேசத்து மக்கள் நோஞ்சான்களாக இருக்கக் கண்டு துறவி மனம் இரங்கினார். அவர்களுக்குக் கையாலும் காலாலும் அடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆகையால் அதற்குச் சீனடி என்று பெயர் வந்தது."

அய்யாவின் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். பினாங்கு மாமா கையை உயர்த்தினார்.

"பிள்ளை மேல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா மச்சான், பிள்ளை உன் பிள்ளை. நடுவுல உள்ள ஆளு ஒருத்தர் பக்கத்தைப் பாத்துச் சொல்லட்டும். டாக்டருக்குத்தான் வாசிக்கத் தெரியுமே?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். என் பக்கமாகக் குனிந்தார். கிராம்பு எண்ணெய் வாசனை. படத்தின் மேலிருந்த என் விரல்களை, ஆடும் பல்லைத் தொடுவது போல் ஒவ்வொன்றாக மெதுவாக விலக்கினார். தென்னை மரம் முழுசாக வெளியே வந்தது.

நான் அவருடைய பூட்ஸைப் பார்த்தேன். ஊராரின் வாயைப் பார்த்துப் பிழைக்கிற மனிதரின் வாயை அன்று ஊரே பார்த்தது. என் ஆறாம் வகுப்பு அந்த வாய்க்குள் இருந்தது.

அவர் விரல் வைத்துக் கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆமாண்ணே. ஏழு தோணின்னுதான் போட்டிருக்கு."

நான் பூட்ஸிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தேன்.

"ஆனா பாப்பா ஒரு வரியை விட்டுருச்சு" என்று மறுபடி குனிந்தார். "கத்துக்கிட்டவங்க நன்றி மறக்காம, அந்தச் சாமியாருக்குத் தெனமும் பீங்கான் தட்டுல சோறு போட்டாங்கன்னு இருக்கு."

"அதைப் படிக்காம விட்டுட்டியே தாயி" என்றார் அய்யா. "அதானே முக்கியம்? நான் சொன்னேன்ல மச்சான், தட்டு!"

பினாங்கு மாமா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "எழுத்துல இருந்தாச் சரிதான். சொல்லிக்குடுத்தவரு நம்ம ஊருன்னா, நானும் நம்ம ஊருதானே மச்சான்?" என்று அய்யாவின் தோளில் கை போட்டார். அந்த வருடச் சந்தனக்கூட்டுக்கு முன்னால் இரண்டு செட்டும் சேர்ந்தே போயின. முதல் பிடிச் சந்தனத்தை இரண்டாகக் கிள்ளி இரண்டு மார்பிலும் பூசினார்கள். தர்கா வாசலில் பதினெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் பெரிய பிடி பிடித்தார்கள். பெரியவர் தம்மை யாரோ அடிக்க வந்துவிட்டார்கள் என்று பயந்து, அவரும் அதே மாதிரி கையைத் தூக்கினார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று ஊர் வியந்தது.

நான் புத்தகம் படித்த அந்தச் சந்தை நாளிலேயே, கூட்டம் கலைந்ததும் டாக்டர் அறைக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் என் சில்லை நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரைப் பூவை விரலால் தடவினார்.

"இதுதான் அந்தத் தட்டா?" என்றார்.

தலையாட்டினேன்.

"நீ தென்னை மரத்தையும் ஒரு தடவை படிச்சிரு பாப்பா. பரீட்சையில அதைத்தான் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, சில்லை வெள்ளைக் கோட்டின் மேல் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மாதிரிச் சில்லு எனக்குக் கிடைக்கவே இல்லை.

நான் ஆறாவதுக்குப் போனேன். புத்தகத்தை அய்யா என்னிடம் தரவில்லை. வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். விருந்தாளி வந்தால் பக்கத்தை விரித்துக் காட்டுவார். தென்னை மரம் ஏன் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, "தோணி கட்டக் கயிறு வேணாமா?" என்று அவரே விளக்கம் சொன்னார். பொய் சொன்னவள் நான். ஆனால் இவ்வளவு நன்றாக எனக்குச் சொல்ல வராது.

பல வருடம் கழித்து, டீச்சர் பயிற்சி முடித்து வந்த விடுமுறையில் அய்யாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் அவராகவே பெட்டியைத் திறந்து துணியை அவிழ்த்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டேன். "தெ... ன்... னை..." பிறகு சத்தம் இல்லை. புத்தகத்தை மறுபடி அதே மாதிரி சுற்றுகிற சலசலப்பு மட்டும் வந்தது.

"கண்ணு மங்குது தாயி" என்றார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை.

சீனாவோடு எல்லையில் சண்டை வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். சண்டை முடிந்த பிறகு ஒரு முறை மதுரை போனபோது அங்கே டாக்டர் பல் பார்த்து வந்த அறையைத் தேடினேன். அங்கே ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. "அவரா? போறவன் வாறவனெல்லாம் வாசல்ல நின்னு நீ எந்த ஊருன்னு கேக்க ஆரம்பிச்சுட்டான். மனுசன் எத்தனை தடவை கல்கத்தான்னு சொல்லுவாரு? கெளம்பிட்டாரு" என்றார் கடைக்காரர். அங்கேயும் இருந்த பல் வரிசைப் பலகையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில்தான் ரேடியோக் கடையின் பெயரை எழுதியிருந்தார்.

சென்ற வருடம் எங்கள் ஊரில் ஒரு பொதுக்கூட்டம். அய்யாவுக்கு முன்வரிசையில் நாற்காலி, பக்கத்தில் பினாங்கு மாமாவுக்கு ஒன்று. இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் டீச்சர் என்பதால் எனக்கும் ஒன்று. முதலில் இளவட்டங்கள் சீனடி ஆடினார்கள். கடைசியில் எல்லாரும் ஒன்றாக உள்ளங்கைகளைத் தூக்கி, பின்னால் வளைந்து, ஒரு காலால் தரையைத் துழாவினார்கள். மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கிராம்பு எண்ணெய் வாசனை வந்தது.

வெளியூர்ப் பேச்சாளர் எழுந்தார். குரல் வளம் உள்ளவர். "இந்தக் கலையைச் சீனனுக்குக் கொடுத்தது யார்? நாம்! இந்தக் கடற்கரையிலிருந்து ஏழு தோணிகளில் கம்பும் மூலிகையும் எடுத்துக்கொண்டு சென்றார் ஒரு துறவி. கற்றுக்கொண்டவன் என்ன செய்தான்? நம்மையே அடித்தான், நன்றி கெட்டவன்!"

கருவாடு மூலிகையாகிவிட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, ஒரு வரியை விட்டுவிட்டீர்கள்."

கூட்டம் திரும்பியது.

"கற்றுக்கொண்டவர்கள் நன்றி மறக்காமல், தினமும் பீங்கான் தட்டில் சோறு போட்டார்கள் என்று இருக்கிறது."

பேச்சாளர் சிரித்தார். "அப்படியா அம்மா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

நான் வாயைத் திறந்தேன். தென்னை மரம் தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டது.

எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அய்யா எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுல இருக்கு" என்றார், ஊருக்கே கேட்கும்படி. "நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."